இரண்டாவது திரை

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உமாமகேஸ்வரி தோ பாயோவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக் கதவைத் தட்டியபோது அவளுடைய சக்கரப் பையில் ஒரு சின்ன மானிட்டர், நாலைந்து கேபிள், மாற்றிப் பார்க்க ஒரு பவர் சப்ளை எல்லாம் இருந்தன. வங்கி ஒன்றின் கணினிப் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவள் அவள். இப்போது மூன்று வருடமாகத் தனியாக வீடு வீடாகப் போய்க் கணினி பழுது பார்க்கிறாள். கடையில் முழுதாக வாங்கியவர்கள் கடைக்கே எடுத்துப் போய்விடுவார்கள். பாகம் பாகமாக வாங்கித் தாங்களே கோத்துக்கொண்டவர்களுக்குத்தான் கூப்பிட ஆள் வேண்டும்.

கதவைத் திறந்த ரோஷினிக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். வீடு புதுப்பிக்கும் கம்பெனிகளுக்குச் சமையலறை, வரவேற்பறை எல்லாம் கட்டிமுடித்தால் எப்படி இருக்கும் என்று கணினியில் படமாக்கிக் கொடுப்பது அவள் தொழில். தோழி ஒருத்தியோடு வாடகைக்கு எடுத்த வீட்டில், படுக்கையறை மூலையிலேயே மேசை.

"லோகோ வரைக்கும் நல்லா வருது அக்கா. பாஸ்வேர்ட் போட்டதும் வால்பேப்பர் மட்டும் நிக்குது. டாஸ்க்பார் கூட இல்ல. எத ஓபன் பண்ணாலும் எங்கயோ போயிடுது."

"எப்போலேர்ந்து?"

"செவ்வாக்கிழம மத்தியானம். அதுக்கு முன்னாடி ஓகே லா. சனிக்கிழமதான் இந்த கிராஃபிக்ஸ் கார்ட மாட்டுனேன். செகண்ட் ஹேண்ட். ஃபேரர் பார்க்ல ஒரு அங்கிள் ஆன்லைன்ல போட்டிருந்தாரு. வேலாயுதம்னு பேரு. நானே வீட்டுக்குப் போய் வாங்கிட்டு வந்தேன். என் கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டிட்டுத்தான் கழட்டிக் குடுத்தாரு."

"அப்ப ரெண்டு நாளா வேலை பாக்கலயா?"

"பாக்குறேன். கண்ண மூடிக்கிட்டுப் பாக்குற மாதிரி. வரைஞ்சத முழுப் படமாக்குற ரெண்டரிங்க கீபோர்ட்லயே ஸ்டார்ட் பண்ணிடுவேன். அது பாட்டுக்கு ஒவ்வொரு கிச்சனா ஓடுது. முடிஞ்ச படம் லேப்டாப்புக்கு வந்துடும். ஆனா ஓடுறப்ப எதையும் பாக்க முடியல."

உமா வழக்கமான வரிசையில் ஆரம்பித்தாள். முதலில் கேபிளை மாற்றினாள். பிறகு தன் மானிட்டரை மாட்டிப் பார்த்தாள். அதிலும் அதே வால்பேப்பர்தான். கணினியை அணைத்து, பக்கத் தகட்டைக் கழற்றி, திரைக்குப் படம் அனுப்பும் அந்தக் கார்டை உருவினாள். அதன் தங்க நிறப் பற்களை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, மறுபடி அழுத்தி உட்காரவைத்தாள். மின்சார வயரைப் பிடுங்கிச் செருகினாள். கார்டை இயக்கும் பழைய டிரைவர் மென்பொருளை வேரோடு நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டாள். இதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கார்டில் சூடு இல்லை, திரையில் கோடுகள் இல்லை, புள்ளிகள் இல்லை. நல்ல கார்டு.

பாஸ்வேர்டு போட்டதும் அதே வெறும் வால்பேப்பர். மவுஸை வலது பக்கம் நகர்த்தினாள். அம்புக்குறி திரையின் ஓரத்தில் நிற்காமல் தாண்டி எங்கோ போய்விட்டது.

"ஓ," என்றாள் உமா. "இதுதானா விஷயம்."

திரை அமைப்புகளைத் திறந்து, கீபோர்டாலேயே இந்தப் பக்கம் இழுத்துவந்தாள். ஒன்று, இரண்டு என்று எண் போட்ட இரண்டு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முதன்மைத் திரை இரண்டாவது.

"உங்க கம்ப்யூட்டர் ரெண்டு மானிட்டர் இருக்குன்னு நெனச்சிக்கிட்டிருக்கு. எல்லாத்தையும் அந்த ரெண்டாவதுலதான் காட்டுது."

"ஆனா ஒண்ணுதானே இருக்கு."

"இல்லாத மானிட்டர இருக்குன்னு சொல்றது உண்டு. நான் நெறைய பாத்திருக்கேன்."

பார்த்திருக்கிறாள்தான். ஒரு தடவை துண்டித்தால் போய்விடும். இது போகவில்லை. துண்டித்த அரை நிமிடத்தில் திரும்ப வந்தது. கம்பியில்லாமல் பக்கத்து வீட்டு டிவி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்தாள். கார்டின் பின்பக்கம் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். நான்கு வாயில்களில் ஒன்றில் மட்டும் கேபிள். மற்ற மூன்றும் காலி. மறைந்திருந்த ஒரு நிரலின் ஜன்னலை இந்தப் பக்கம் இழுத்தாள். அது வந்து, இரண்டு மூச்சு விடும் நேரம் நின்று, தானாகவே வலது ஓரத்துக்கு நகர்ந்து மறைந்தது. யாரோ தன் பக்கம் இழுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

ரோஷினி கைகளைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாக்க முடியாதா?"

"முடியும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தா ரெண்டு திரையும் சேந்து வரும்."

எடுத்தாள். படம் ரோஷினியின் லேப்டாப்பில் வந்து விழுந்தது. இடது பாதியில் வால்பேப்பர். வலது பாதியில் தொலைந்துபோன எல்லாம் பத்திரமாக இருந்தன: டாஸ்க்பார், மின்னஞ்சல், பாதி உருவான ஒரு சமையலறைப் படம். ரோஷினி சிரித்தாள். உமா சிரிக்கவில்லை. அவள் படத்தைப் பெரிதாக்கினாள்.

சமையலறையின் கறுத்த அலமாரிக் கதவுகள் மேல் வேறொரு படம் மங்கலாகப் படிந்திருந்தது. கூரை மின்விசிறியின் மூன்று இறக்கைகள். அதற்குக் கீழே நீலக் கம்பி போட்ட ஜன்னல். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஏதோ ஒரு நீளமான படம். மானிட்டர் இருட்டாக இருக்கும்போது அதன் கண்ணாடியில் எதிரே உள்ள அறை தெரியுமே, அப்படி.

"இது உங்க ரூமா?"

"என் ரூம்ல ஃபேன் இல்லயே. ஏர்கான் மட்டும்தான்."

"ஸ்கிரீன்ஷாட்ல பிரதிபலிப்பு விழாது," என்றாள் உமா. தனக்கே சொல்லிக்கொள்வது போலிருந்தது. "கேமராவுல எடுத்தா விழும். இது கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ள தானா எடுக்குற படம். அங்க கண்ணாடியே கிடையாது."

மறுபடி எடுத்தாள். இறக்கைகள் வேறு இடத்தில் இருந்தன. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாவது படத்தில், அடிவிளிம்பை ஒட்டி, தரை மட்டத்தில் வெளுப்பாக ஒன்று தெரிந்தது. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். மனிதப் பாதம். ஐந்து விரலும் மேல் நோக்கியிருந்தன. நான்காவது படத்தில் அந்தப் பாதம் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது.

ரோஷினி லேப்டாப் பக்கம் குனிந்தவள் நிமிரவில்லை. "அந்தச் சுவத்துல இருக்குறது கப்பல் பிளான்," என்றாள். "நீளமா, நீலக் கலர்ல. நான் பாத்திருக்கேன். ஷிப்யார்ட்ல டிராஃப்ட்ஸ்மேனா இருந்தேன்னு சொன்னாரு. அக்கா, இது அந்த அங்கிள் வீடு. கார்டு குடுத்தவரு வீடு."

"அவருக்குப் போன் பண்ணு."

ரோஷினி தன் கைத்தொலைபேசியில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. எடுப்பாரில்லை. அது அடித்துக்கொண்டிருக்கும்போதே உமாவின் விரல் ஸ்கிரீன்ஷாட் பொத்தானை அழுத்தியது. அந்தப் படத்தில், நீல ஜன்னலுக்குக் கீழே, அந்த அறையில் முன்பு இருட்டாயிருந்த ஓர் அலமாரித் தட்டில் சின்னச் செவ்வகமாக ஒரு வெளிச்சம் எரிந்தது. அழைப்பு நின்ற பிறகு எடுத்த படத்தில் அது இல்லை.

"இன்னொரு தடவ கூப்பிடு."

மறுபடி அந்த வெளிச்சம். அதற்குக் கீழே, தரையில், பாதத்துக்குப் பதிலாக இப்போது ஒரு கை, அலமாரியை நோக்கி நீண்டிருந்தது. எட்டவில்லை.

கணினியை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு இறங்கினார்கள். டாக்சியில் ரோஷினி ஆம்புலன்ஸுக்கான அவசர எண் 995-க்கு அழைத்தாள். ஒருவர் வீட்டில் விழுந்துகிடக்கிறார், பதில் இல்லை என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டபோது, "தெரியும்" என்று மட்டும் சொல்லி முகவரியைக் கொடுத்தாள். காலாங் ஆற்றைத் தாண்டும்போது அவள் கை உமாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பிடித்திருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது.

வேலாயுதத்தின் வீடு ஏழாவது மாடியில். இரும்பு கேட்டில் பூட்டு. உள்கதவும் சாத்தியிருந்தது. தாழ்வார ஜன்னலில் திரைச்சீலை. உமா பலமாகத் தட்டினாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். ஷபானா என்று பிறகு தெரிந்தது.

"வேலாயுதம் அங்கிளத் தேடுறீங்களா? உள்ளதான் இருக்காரு. ரெண்டு நாளா டிவி ஓடுதே. கர்டன் வழியா வெளிச்சம் மாறி மாறித் தெரியுது. சவுண்டுதான் கேக்கல."

"அவர் வீட்ல டிவி இருக்கா?"

ஷபானா யோசித்தாள். "நான் பாத்ததில்ல."

மீட்புப் படையினர் பத்து நிமிடத்தில் வந்தார்கள். பூட்டை வெட்டினார்கள். கதவு இரண்டாவது இடியில் திறந்தது. உள்ளிருந்து அடைபட்ட வாடையும், மின்விசிறியின் கிரீச் சத்தமும் வெளியே வந்தன. வேலாயுதம் தரையில் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் கவிழ்ந்த ஒரு ஸ்டூல், காலியான தண்ணீர்ப் பாட்டில். உதடு வெடித்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. உயிர் இருந்தது.

ரோஷினி அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். உமாவால் அவளோடு போக முடியவில்லை. அவள் மானிட்டரைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

தாழ்வான மேசைமேல் அது எரிந்துகொண்டிருந்தது. ரோஷினியின் டாஸ்க்பார். ரோஷினியின் மின்னஞ்சல். ஓரத்தில் அந்தச் சமையலறை, நடுவில் ஏதோ எழுதிய ஒரு பக்கம். மேசைக்கடியில் வேலாயுதத்தின் கணினிப்பெட்டி பக்கத் தகடு இல்லாமல் திறந்து கிடந்தது. கிராஃபிக்ஸ் கார்டு இருந்த இடம் காலி. கணினியில் உயிர் இல்லை. அதன் பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கி வைத்திருந்தார். மானிட்டரின் பின்னாலிருந்து தொங்கிய, படம் வரும் கேபிளை உமா கையால் தடவிக்கொண்டே போனாள். அது மேசை ஓரத்தில் வளைந்து, தரையில் இறங்கி, ஒரு செருப்புக்குப் பக்கத்தில் முடிந்தது. அதன் நுனி எதிலும் செருகப்படவில்லை. நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. மழையில் கிடந்த இரும்பு மாதிரிக் குளிர்ந்திருந்தது.

தலைக்குள் ஒரு கணக்குப் போட்டாள். தோ பாயோவில் இருக்கும் கார்டுக்கும் இந்த நுனிக்கும் நடுவில் என்ன இருக்கிறது? மூன்று ரயில் நிலையம், ஓர் ஆறு, ஆயிரம் சுவர். பதினைந்து வருடமாக ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறாள். கேபிளை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது வேலாயுதம் வாயைத் திறந்தார். எல்லோரும் குனிந்தார்கள்.

"அணைக்காதீங்க," என்றார். "அத அணைக்காதீங்க. இன்னும் முடிக்கல."

"என்ன முடிக்கல அங்கிள்?" என்றாள் ரோஷினி. அவர் அவளை உற்றுப் பார்த்தார். பதில் சொல்வதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் போன பிறகு வீட்டைப் பூட்ட வந்த போலீஸ்காரர் மின்விசிறியை நிறுத்தினார். சுவரிலிருந்த எல்லாச் சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். திரை இருண்டது. அதன் கண்ணாடியில் நீல ஜன்னலும், உமாவும், அவளுக்குப் பின்னால் ரோஷினியும் தெரிந்தார்கள்.

தோ பாயோவுக்குத் திரும்பியபோது கணினியில் டாஸ்க்பார் அதன் இடத்தில் இருந்தது. திரை அமைப்புகளில் ஒரே ஒரு கட்டம். அம்புக்குறி வலது ஓரத்தில் முட்டி நின்றது. உமா வேலைத்தாளை எடுத்து, என்ன பழுது என்று கேட்கும் இடத்தில் பேனாவை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் "சரியாகிவிட்டது" என்று மட்டும் எழுதினாள்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வேலாயுதம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சவரம் செய்த முகம். பேச்சு தெளிவாக இருந்தது.

"நீங்கதானா அந்தக் கிச்சன் போடுற பொண்ணு," என்றார் ரோஷினியைப் பார்த்து. "கார்டு வாங்க வந்தப்ப எனக்குத் தெரியாது."

ரோஷினி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஸ்டூல் சரிந்து விழுந்ததாகச் சொன்னார். போன் அலமாரி மேல். நகர முடியவில்லை. கத்தியும் பார்த்தாராம், ஆனால் தாழ்வாரத்தில் யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் எதிரே இருந்த மானிட்டர் தானாக எரிந்தது.

"செத்துட்டேன்னு நெனச்சேன். செத்தா இப்படித்தான் போல, ஏதோ ஒரு வெளிச்சம் வரும்போலன்னு. அப்புறம் பாத்தா ஒரு கிச்சன் வருது. மொதல்ல மணல் தூவுன மாதிரி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தெளிவா. அது முடிஞ்சா இன்னொண்ணு. சரி, அந்தப் பக்கம் யாரோ வேலை பாக்குறாங்க, உசுரோட ஒரு ஆளு இருக்காங்க, பொறுத்துக்குவோம்னு கெடந்தேன். நீங்க தூங்குற நேரம்கூட அது ஓடுச்சு. எனக்கு அதான் தொணை." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "மூணாவது கிச்சன்ல ஃபிரிட்ஜ் கதவு சுவத்துல இடிக்கும்மா. தரையில கெடந்தபடியே கத்துனேன்."

"மாத்திட்டேன் அங்கிள்," என்றாள் ரோஷினி. "கிளையன்ட்டும் அதான் சொன்னாங்க."

"வியாழக்கிழம காலைல திடீர்னு எல்லாம் இருட்டாயிடுச்சு. அப்பதான் பயந்தேன்."

உமா நேரத்தைக் கணக்குப் பார்த்தாள். கார்டைக் கழற்றித் துடைத்த நேரம் அது.

"திரும்ப வந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் கிச்சன்ல மனசு போகல. கொஞ்ச நேரத்துல நீங்க லெட்டர் எழுத ஆரம்பிச்சிட்டீங்க." அவர் போர்வை ஓரத்தைத் தடவினார். "உங்க அப்பாவுக்கு. அடுத்தவங்க லெட்டர், படிக்கக் கூடாதுன்னு கண்ண மூடிக்கிட்டேன். அப்புறம் தொறந்துட்டேன். தப்புதான். தனியா கெடந்தேன்ல."

"நான் லெட்டர் எதுவும் எழுதல அங்கிள்."

"ஒவ்வொரு எழுத்தா வந்துச்சும்மா. அழிச்சு அழிச்சு எழுதுனீங்க."

"இல்ல அங்கிள். வியாழக்கிழம காலையிலேர்ந்து அக்கா என் பக்கத்துலயே இருந்தாங்க. கீபோர்ட் அவங்க கையிலதான் இருந்துச்சு."

வேலாயுதம் உமாவைப் பார்த்தார். உமா தலையாட்டினாள். அவர் வீட்டு மானிட்டரில் பார்த்த அந்த எழுத்துப் பக்கம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. திரையின் நடுவில் இருந்ததைப் படிக்காமல் கேபிளைப் பார்க்கப் போய்விட்டாள்.

"என்ன எழுதியிருந்துச்சு?" ரோஷினி மெதுவாகக் கேட்டாள்.

"'அப்பா, கோவம் போச்சான்னு கேக்க மாட்டேன். எனக்கே இன்னும் போகல.' அப்படித்தான் ஆரம்பம்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். தாதி ஒருத்தி தள்ளுவண்டியோடு போனாள். ரோஷினி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். தாதி நகர்ந்ததும் சொன்னாள். அப்பாவோடு பேசி நான்கு வருடம் ஆகிறதாம். அந்த வரியைப் பஸ்ஸில், குளிக்கும்போது, படம் ஓடி முடியக் காத்திருக்கும்போது மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாளாம். காகிதத்திலோ கணினியிலோ ஒரு எழுத்துகூட வைத்ததில்லையாம். ஒருவரிடமும் சொன்னதில்லையாம்.

"அங்கிள்," என்றாள். "எப்படி முடிச்சிருந்தேன்?"

வேலாயுதம் தலையை அசைத்தார்.

"முடிக்கலம்மா. பாதியிலயே கதவ உடைச்சுட்டாங்க."

திரும்பும்போது இருவரும் பஸ்ஸின் மேல்தளத்தில் உட்கார்ந்தார்கள். ஜாலான் புசாரில் சிக்னலுக்காகப் பஸ் நின்றது. ரோஷினி கைத்தொலைபேசியை எடுத்து எதையோ எழுத ஆரம்பித்தாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். உமா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தபோதுகூட, ரோஷினியின் விரல்கள் நிற்கும்வரை காத்திருந்து, அடுத்த நிறுத்தத்தில்தான் மணியை அழுத்தினாள்.